எதிர்வீட்டுக்கான ஊசி

கொசுவின் வயிற்றைப் பிரிப்பது
பயறு உரிப்பதுபோலத்தான்.
கடைசி இரண்டு வளையங்களைக் கிடுக்கியால் பிடித்து
மெல்ல இழுத்தால்
குடல் தானே வழுக்கி வரும்.
சிவப்புச் சாயச் சொட்டில் மிதக்கவிட்டு
எட்டாம் நாள் குமிழ்களை எண்ண வேண்டும்.
குமிழ் இருந்தால் ஒட்டுண்ணி குடியேறிவிட்டது.
பதினேழு வருடமாக எண்ணுகிறேன்.
போபோவில் என் மாமா
வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்:
கொரோதூமு பெரிய படிப்பு படித்து
கொசு மேய்க்கிறாள்.

மேய்க்கிறேன்தான்.
சர்க்கரைத் தண்ணீர்,
விளக்கால் பன்னிரண்டு மணி நேரப் பகல்,
மின்சாரம் போனால் நனைத்த துண்டு.
சோதனைக்கு முதல்நாள் பட்டினி.

காய்ச்சலே இல்லாத பிள்ளையின் ரத்தத்திலும்
பிறைபிறையாகக் காத்திருக்கும் அவை,
ஆணும் பெண்ணும்.
மனித உடம்புக்குள் அவற்றுக்குக் கல்யாணம் கிடையாது.
கொசு உறிஞ்ச வேண்டும்,
சூடு சற்றே தணிய வேண்டும்,
அதுதான் முகூர்த்தம்.
பதினைந்து நிமிடத்தில்
ஆண் பிறை சாட்டைகளாய்ப் பிய்ந்து பாயும்.
எங்கள் தடுப்பூசி
பிள்ளையின் ரத்தத்தோடு கொசுவுக்குள் போய்
அந்தப் பந்தலின் விளக்கை அணைக்கும்.
அங்கே மட்டும்.

இதை ஃபராதுகுவில்
மினாதாவுக்கு விளக்கப் போனேன்.
உடனே விளங்கிவிட்டது, அதுதான் சிக்கல்.
கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.
"சிரிக்கிக்குக் காய்ச்சல் வராதா?"
வரும்.
"பின்னே?"
அவனைக் கடித்த கொசு
அடுத்த வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோகாது.

உலக்கை நின்றது.

அடுத்த வீடென்றால் அபிபா.
மூன்று வருடத்துக்கு முன் அபிபாவின் ஆடு
மினாதாவின் நிலக்கடலையில் இறங்கியது.
அன்றிலிருந்து இரண்டு கதவுகளும்
ஒன்றையொன்று பார்த்தபடி ஊமை.
"ஊரார் பிள்ளைக்கு
என் பிள்ளையின் தோளா?"

என்னிடம் ஒரு தாள் இருந்தது.
பிரெஞ்சில் 'சமூகப் பயன்' என்று ஒரு வரி.
ஜூலாவில் அதற்கு நாங்கள் போட்ட சொல்
'எல்லோருக்குமான சோறு'.
வாசிக்கக் கூச்சமாக இருந்தது.
மடித்துப் பையில் வைத்தேன்.

"அவள் மகளுக்குப் போடுகிறாளா?"
சொல்லக் கூடாது என்பது விதி.
பன்னிரண்டு எட்டு வைத்து எதிர்வீட்டுக்குப் போனேன்.
அபிபா முதலில் கேட்டது:
"அவள் என்ன சொன்னாள்?"

ஊசி நாளில்
பெஞ்சின் இரு முனைகளில்
முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
நடுவே பிள்ளைகள்
வெடிக்காத பருத்திக்காய் ஒன்றை உருட்டி விளையாடினார்கள்.
யாருக்கு எங்கள் மருந்து,
யாருக்கு வெறிநாய்க்கடி ஊசி,
உறை பிரியும்வரை எனக்கும் தெரியாது.

அக்டோபரில் சிரிக்கிக்குக் காய்ச்சல்.
மாத்திரையோடு போனேன்.
திட்டுவாள் என்று நினைத்து
மோட்டார் வண்டியை அணைக்காமலே வாசலில் நின்றேன்.
"நீ சொன்னதுதானே" என்றாள்.
மகன் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள்.
பிறகு, எதிர்க்கதவைப் பார்க்காமலே,
"அவள் பிள்ளைக்கு?"
வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.
விதி அந்த இடத்தில் உடைந்தது.
"ம்" என்றாள்.
ஊசியாலா, மழை சீக்கிரம் நின்றதாலா,
அபிபா புதுக் கொசுவலை வாங்கியதாலா,
அவளும் கேட்கவில்லை,
எனக்கும் தெரியாது.

இன்று நாற்பத்தொன்றாம் எண்:
முப்பது வயிறு, ஒரு குமிழ் இல்லை.
சந்தோஷப்படக் கூடாது.
பிறை குறைவாக இருந்திருக்கலாம்,
கொசுக்களுக்குப் பசி போதாமல் இருந்திருக்கலாம்.
நாற்பத்திரண்டு:
எண்ணி எண்ணிக் கண் கரித்தது,
நூற்றுப் பதினாறு.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
அந்த 'ம்'முக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
அழித்தேன்,
தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

மணி ஆறு.
நாளைக்கு நாற்பத்து மூன்று.
கூண்டிலிருந்து சர்க்கரைப் பஞ்சை எடுத்துவிட வேண்டும்.